சனிக்கிழமைக்கு ஒன்பது

அப்பா சரக்குக் கிடங்கில் மேஸ்திரி. லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேல் குரல் கொடுத்து, "வா, வா, பின்னால வா... நில்லு! நில்லுன்னா நில்லுய்யா!" என்று வண்டியை நிறுத்துவது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி என்றும், குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். மகனும் மூத்த மகளும் கூடப் போயிருந்தார்கள். அப்பாதான் கேட்டார்.

"எடுத்துட்டா உயிரு இருக்குமா?"

"இருக்கும்."

"பேச்சு?"

டாக்டர் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"சரி விடுங்க. இவ்வளவு வருஷம் கத்துனவனுக்கு ரிட்டயர்மெண்ட் வேண்டாமா?" என்றார் அப்பா.

ஆனால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது. நெஞ்சில் சளி, உடம்பில் ரத்தம் போதவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுத்து உடம்பைத் தேற்ற வேண்டும், நாலாவது வாரம் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். அதுவரை பகலிலும் இரவிலும் கட்டிலருகே குடும்பத்து ஆள் ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். அது அந்த ஆஸ்பத்திரியின் விதி.

அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. இருப்பது மூன்று பிள்ளைகள். அண்ணன் பெயிண்ட் கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி, மனைவி கைக்குழந்தையோடு தனிக்குடித்தனம் இருக்கிறான். அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அப்பாவோடு இருப்பவள் அவள்தான். கடைசிப் பெண் ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில், கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். வயது பத்தொன்பது ஆகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பொடிசு வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அண்ணனும் அக்காவும் மல்லுக்கு நின்றார்கள்.

"திங்கக்கிழமை என்னைக் கேக்காத. அன்னைக்குத்தான் மொத்த லோடும் வருது. முதலாளி என் தலையை எடுத்துடுவாரு."

"உனக்குத் திங்கக்கிழமை. எனக்கு என்ன, ஏழு நாளும் ஞாயித்துக்கிழமையா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்ன?"

அப்பா உள்ளறையிலிருந்து கரகரத்தார். "அடிச்சுக்காதீங்கடா. நான் தனியாவே படுத்துக்கறேன்."

"நீங்க பேசாதீங்கப்பா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் பொடிசு சொன்னாள். "நான் கணக்குப் போட்டுத் தரேன். எங்களுக்கு இப்ப இதுதான் பாடமே."

உண்மைதான். அந்தப் பருவத்தில் அவளுக்கு இருந்த கணிதத் தாளின் முதல் பாதி நேரியல் இயற்கணிதம்: எண்களை வரிசை வரிசையாக அடுக்கி அணியாக்கி, ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசையைக் கழித்துக் கழித்து விடை தெரியும்வரை சுத்தம் செய்வது. இரண்டாம் பாதி நேரியல் திட்டமிடல். கையில் இருப்பது இவ்வளவுதான், செய்தே தீர வேண்டியது இவ்வளவு என்று கட்டுப்பாடுகளை எழுதிக்கொண்டு, அவற்றுக்குள் மிகக் குறைந்த செலவிலோ மிக அதிக லாபத்திலோ முடிகிற வழியைக் கண்டுபிடிப்பது. தாளில் கோடுகள் வரைந்தால் நடுவில் ஒரு பகுதி அடைபடும். விடை அந்தப் பகுதியின் ஏதோ ஒரு மூலையில்தான் இருக்கும், நடுவில் தேட வேண்டாம் என்பது முதல் நாள் பாடம். பொடிசுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உலகத்தில் இத்தனை தொல்லைகளுக்கும் நாலைந்து மூலைகளைப் போய்ப் பார்த்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

பாடம் நடத்திய மேடம் வீட்டுப்பாடம் ஒன்றும் கொடுத்திருந்தார். "உங்க வீட்டுல இருக்கற ஒரு பிரச்சினையைக் கொண்டாங்க. மேசை நாற்காலி செய்யற கம்பெனி மட்டும் வேண்டாம். அந்தக் கம்பெனி எல்லாப் புத்தகத்துலயும் நாப்பது வருஷமா அதே நாற்காலியைச் செஞ்சுக்கிட்டிருக்கு, இன்னும் யாரும் அதுல உக்காந்தபாடில்ல."

ஆக, வீட்டுக்கும் ஆயிற்று, மதிப்பெண்ணுக்கும் ஆயிற்று. பொடிசு அன்றே நோட்டை எடுத்தாள். வாரத்துக்கு ஏழு பகல், ஏழு இரவு, மொத்தம் பதினான்கு முறை. ஆள் மூன்று. யார் எந்த முறை போவது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண். மொத்தக் கஷ்டம் எதில் குறைவோ அதுவே விடை.

அண்ணன் பேரம் பேசினான். "திங்கக்கிழமைக்குப் பதினஞ்சு போட்டுக்கோ."

"பத்துக்கு மேல கிடையாதுண்ணா."

"அப்ப பத்துக்கு அடியில கோடு போடு, ரெண்டு கோடு."

பொறுமையாக ஒவ்வொரு முறையாகக் கேட்டு எழுதினாள். சனிக்கிழமை பகல் ஆறு, இரவு ஆறு, ஞாயிறு பகல் ஆறு, இரவு எட்டு. வார நாளெல்லாம் ஒன்பதும் பத்தும். வாரத்துக்கு ஐந்து முறைக்கு மேல் முடியாது என்றான்.

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நாலு போடு."

"எல்லாத்துக்குமா? ராத்திரிக்கும்?"

"ஆமாடி. நாலு, நாலு, நாலு. பத்து முறை வரைக்கும் போவேன். போதுமா?"

மூன்றாவது வரிசை பொடிசுடையது. வார நாட்களுக்கு ஒன்பது என்று எழுதினாள். அதில் பொய் இல்லை. வகுப்பும் பரிசோதனைக்கூடமும் விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் வந்து போக முடியாது. சனிக்கிழமைப் பகல் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. சனிக்கிழமை வகுப்பு இல்லை. விடிகாலைப் பேருந்தில் ஏறினால் வந்துவிடலாம். நாலு என்று எழுதலாம், தூரத்துக்காக ஒன்று கூட்டி ஐந்து என்று எழுதலாம்.

அன்று காலை அவள் ஒரு காட்சியைப் பார்த்திருந்தாள். அப்பா வாஷ்பேசின் மேல் குனிந்து இருமினார். இருமலோடு சிவப்பாக ஏதோ விழுந்தது. இவள் பின்னால் நிற்பது கண்ணாடியில் தெரிந்ததும், அவர் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, "என்ன பொடிசு, பல் தேய்ச்சாச்சா?" என்று கேட்டார். அவள் தேய்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அது ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும், தான் மட்டும் தனியாக அந்தக் கட்டிலருகே எப்படி உட்கார்ந்திருப்பது என்று நினைத்துக்கொண்டே, கீழேயிருந்து கூப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமைக்கும் ஒன்பது என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைக்கும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கல்லூரிக் கணினிக்கூடத்தில் விடை வரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அக்கா பத்து, அண்ணன் நாலு, பொடிசு பூஜ்யம். மொத்தக் கஷ்டம் அறுபத்தாறு. இதைவிடக் குறைவாக எந்த வழியிலும் முடியாது.

அதைப் படமெடுத்து அனுப்பியதும் அண்ணன் கூப்பிட்டான். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, இனிமே யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது!" அக்கா அந்தத் தாளை அச்செடுத்து அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டியதாகச் சொன்னாள். அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லையாம். வருகிற நர்ஸையெல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணு போட்ட கணக்கு. காலேஜுல படிக்குது" என்று காட்டினாராம்.

தினமும் சாயங்காலம் அப்பா போன் செய்வார். முதல் வாரம் குரல் கரகரத்தது. இரண்டாவது வாரம் காற்றும் குரலும் பாதிப்பாதியாக வந்தது.

"டாக்டர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசணும்னு சொல்லிட்டாரு. எட்டு உனக்கு வெச்சிருக்கேன்."

"வேண்டாம்ப்பா, வெச்சிடுங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க."

"சனிக்கிழமை பஸ்ஸு இருக்கா?"

"இருக்குப்பா. ஆனா இந்த வாரம் எழுதிக் குடுக்க வேண்டியது நிறைய இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை கண்டிப்பா வந்துடறேன்."

"கணக்குல உன் பேரே இல்லையே?"

"அது... தூரம்ப்பா."

"சரி, சரி. கணக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் வைத்துவிட்டார். அவள் விடுதி வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே யாரோ வாளியை நகர்த்தச் சொன்னார்கள், நகர்ந்தாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை மேடம் அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். கணக்கில் நாம் எழுதிய எண்கள், அதாவது கெழுக்கள், எவ்வளவு மாறினால் விடையும் மாறும் என்பதுதான் பாடம். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பொடிசின் தாளை. நன்றாக இருந்ததால் எடுத்தார். இருபதுக்குப் பதினெட்டு போட்டிருந்தார்.

"இங்க ஒரு ஆளுக்குப் பூஜ்யம் வந்திருக்கு பாருங்க. அந்த ஆள் உள்ள வரணும்னா என்ன செய்யணும்? சனிக்கிழமைப் பகலைப் பாருங்க. அண்ணனுக்கு ஆறு, இவளுக்கு ஒன்பது. ஒன்பது ஆறுக்குக் கீழ எறங்கினா இவ உள்ள வந்துடுவா, அண்ணன் வெளிய போயிடுவாரு. அஞ்சுன்னு போட்டுப் பாருங்க. சனி, ஞாயிறு ரெண்டு பகலும் இவளுக்கு. மொத்தம் அறுபத்தாறு, அறுபத்திநாலா எறங்கிடும்."

சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "ஆமா, சனிக்கிழமை ஒன்பதுன்னு யாரைக் கேட்டு எழுதின?"

"என்னைத்தான் மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடமும் சிரித்தார். பொடிசும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்தாள். கரும்பலகையில் மேடம் ஒன்பதை அடித்து ஐந்தென்று எழுதியிருந்தார். அவ்வளவு சுலபமாக அழித்து எழுத முடிந்தது.

வகுப்பு முடிந்த கையோடு சனிக்கிழமை விடிகாலைப் பேருந்துக்கு இடம் பதிவு செய்தாள். அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தபோது முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாள். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நான்தான்ப்பா உங்ககூட. அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுங்க. நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்போம்."

"வா," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நேர்ல வா. பேசலாம்."

மறுநாள் மதியம், அணிகள் பற்றிய தேர்வுக்கு அவள் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"பொடிசு, கெளம்பி வா. அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்துடுச்சு. கட்டி மூச்சுக்குழாயை அடைக்குதாம். திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க முடியாது, இன்னைக்கே செய்யறோம்னு சொல்றாங்க."

"எப்ப?"

"இப்ப. ரெடி பண்ணிக்கிட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம் போனை அப்பாகிட்ட குடுண்ணா."

"வாயில மூக்கில எல்லாம் என்னென்னமோ மாட்டியிருக்காங்க. எப்படிக் குடுக்கறது?"

"காதுல வைண்ணா. நான் பேசறேன்."

அந்தப் பக்கம் சக்கரங்கள் உருளும் சத்தம், யாரோ நகருங்க நகருங்க என்னும் சத்தம். பிறகு அண்ணனின் குரல். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஐந்து மணி நேரமும் அவள் பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். பாதி வழியில் இடம் காலியாயிற்று. உட்காரத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்துவிட்டிருந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். அண்ணன் மருந்துச்சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தான். அக்கா வராந்தா பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

பொடிசு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னைக் கேட்டாரா?"

"காலைல கேட்டாரு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவான்னாரு. பத்து மணிக்குள்ள வந்துடுவான்னேன்." அக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "உன்மேல தப்பில்லடி. யாருக்குத் தெரியும் இன்னைக்கே செய்வாங்கன்னு? உன் கணக்குலயும் தப்பில்ல. டாண்ணு அந்தத் தாள்ல இருக்கற மாதிரியே ஓடுச்சு."

பொடிசுக்கு அதுதான் தாங்கவில்லை. "தப்புதான்க்கா. சனிக்கிழமைக்கு நான் ஒன்பது போட்டேன். பொய். எனக்கு வர முடியும். நாலோ அஞ்சோதான் போட்டிருக்கணும். பயமா இருந்துச்சு. அவரு ரத்தம் துப்பினதைப் பார்த்தேன், தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. அஞ்சு போட்டிருந்தா மூணு சனிக்கிழமையில ரெண்டு கெடைச்சிருக்கும். ரெண்டு ஞாயித்துக்கிழமையும் கெடைச்சிருக்கும். நாலு பகல், அவருகூட. குரலோட."

சுவரோரமாக ஒருவர் தரை துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் கடந்து போனதும் அக்கா மெதுவாகச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசிப் பொடிசு கேட்டதில்லை.

"எனக்கு மட்டும் நாலா?"

"என்னக்கா?"

"மெஷினை விட்டுட்டு வந்து அஞ்சு பகலும் அஞ்சு ராத்திரியும் ஸ்டூல்லயே உக்கார்றது நாலா? ரெண்டாவது வாரமே என் சீட்டுல வேற பொண்ணை உக்கார வெச்சுட்டாங்க. எனக்கும் ஒன்பதுதாண்டி. சில நாளு பத்து."

"அப்புறம் ஏன்...?"

"நீ படிக்கிறவ. அவனுக்குக் கைக்குழந்தை. நான் நாலுன்னு சொன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கன்னு சொன்னேன்." அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. சனிக்கிழமை நானும் கூட உக்காந்திருப்பேனே. ரெண்டு பேரா இருக்கக் கூடாதுன்னு எந்தக் கணக்குல இருக்கு?"

ஒரு முறைக்கு ஓர் ஆள். அந்தக் கட்டுப்பாட்டைப் பொடிசுதான் எழுதினாள். ஆஸ்பத்திரி விதியில் ஒருவராவது இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அவளால் அழ முடியவில்லை. வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த நிமிஷத்திலும் அவள் மனம் அக்காவின் வரிசையில் நாலுகளை அடித்து ஒன்பதாக்கிக்கொண்டிருந்தது. விடை எப்படி எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதற்குள் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் அப்பாவைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தின் நடுவில் ஒரு துளை, அதில் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. மூக்கில் வேறொரு குழாய். பொடிசைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வாய் அசைந்தது. உதடுகள் குவிந்து பிரிந்தன. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. சத்தம் எங்கே என்று அவள் காது தேடியது. குழாயில் காற்று மட்டும் சீறியது.

"வந்துட்டேன்ப்பா," என்றாள். அன்று வாஷ்பேசின் அருகே பயந்த அளவுக்குப் பயமாக இல்லை. அதுதான் அவளை இன்னும் அறுத்தது.

அவர் மறுபடி ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலையணையை ஒசத்தச் சொல்றாரு," என்றாள் அக்கா, மருந்துப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே.

"உனக்கு எப்படித் தெரியுது?"

"ரெண்டு வாரமா பாதி காத்துதானே வந்துச்சு. உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு."

பொடிசு தலையணையை உயர்த்தினாள். அதிகமாக உயர்த்திவிட்டாள். அப்பா முகம் சுளித்தார். அக்கா வந்து ஒரு கையால் சரிசெய்தாள்.

"நீ போய்க் குளிச்சிட்டு வாக்கா. நான் இருக்கேன்."

"இருப்பியா?"

"இருக்கேன்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு போனாள். பொடிசு ஸ்டூலைக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய முதல் முறை. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்த முறை தலையணை இல்லை, தண்ணீர் இல்லை. நீளமாகப் பேசினார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார், புருவத்தை உயர்த்தினார், ஒரு இடத்தில் சிரித்தார், சிரித்ததும் தோள் குலுங்கியது. அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். அது தப்பாகப் போயிற்று. அவளுக்கு எதுவும் புரியவில்லை என்பதை அவர் அந்தச் சிரிப்பிலேயே கண்டுகொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. மெதுவா."

மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலமாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். கழுத்தில் நரம்பு புடைத்தது. அவள் தனக்குத் தோன்றியதை ஒவ்வொன்றாகக் கேட்டாள். "பரீட்சையா? பஸ்ஸா? அண்ணனா?" ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்று தலையசைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எழுதும் அட்டையையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் எழுதி அவள் பார்த்ததில்லை. பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்ப மாட்டினார்.

"அக்கா வரட்டும்ப்பா. அக்காகிட்ட சொல்லுங்க, அவ எனக்குச் சொல்லுவா."

வேண்டாம் என்று தலையசைத்தார். அது அக்காவிடம் சொல்வதற்கானது அல்ல போலும். அவள் கன்னத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "என்னம்மா சொல்றாரு உங்கப்பா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க," என்றாள் பொடிசு.